ஆறடி இடைவெளியும் ஏழு மணி நேரச் சந்தையும்

மருந்தும் தடுப்பூசியும் இல்லாத தொற்றுநோய்க்கு எதிராக மனிதர்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த வழி, ஒருவரையொருவர் விட்டு விலகி நிற்பதாகும். 2020ஆம் ஆண்டில் கொரோனா பெருந்தொற்று உலகெங்கும் பரவியபோது இந்தப் பழைய வழிக்குச் 'சமூக இடைவெளி' என்ற பெயர் வழங்கலாயிற்று. சமூகவியலாளர்கள் 1920களிலிருந்தே இச்சொல்லை வேறொரு பொருளில் ஆண்டு வந்தனர். ஓர் இனத்தார் மற்றோர் இனத்தாரை அண்டைவீட்டாராகவோ உறவினராகவோ ஏற்க எவ்வளவு தயங்குகின்றனர் என்பதை அளக்கும் சொல்லாகவே அது இருந்தது. தெருவாலும் கிணற்றாலும் சுடுகாட்டாலும் மனிதர்களை விலக்கி வைத்த வரலாறுடைய மண்ணில் இச்சொல் உறுத்தியதில் வியப்பில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2020 மார்ச் 20 அன்று, விலக வேண்டியவை உடல்களே அன்றி உறவுகள் அல்ல என்ற கருத்தில் 'உடல் இடைவெளி' என்னும் சொல்லுக்கு மாறியது. சொல் எதுவாயினும், அந்த இடைவெளியைக் கடைப்பிடிக்க ஒரு நகரத்துக்கு இடமும் நேரமும் தேவை என்பதையும், அவை சுருக்கப்படும்போது மக்கள் கூட்டமாகத் திரள்வது எதிர்பார்க்கக் கூடிய விளைவே என்பதையும் இந்த அத்தியாயம் சென்னை நகரத்தின் வழியாக ஆராய்கிறது.

முதலில், இடைவெளி எவ்வாறு காக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் வாயிலிருந்தும் மூக்கிலிருந்தும் பல அளவுகளில் துளிகள் வெளிப்படுகின்றன. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 100 மைக்ரான் விட்டமுடைய துளி, ஆளுயரத்திலிருந்து சில நொடிகளுக்குள் தரையில் விழுந்துவிடும். 10 மைக்ரான் துளி அதே உயரத்திலிருந்து இறங்கப் பல நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். 1 மைக்ரான் அளவுள்ளதோ அசையாத காற்றில் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். பெரிய துளிகள் ஒன்றிரண்டு மீட்டருக்குள் விழுந்துவிடுகின்றன என்பதால்தான் உலக சுகாதார நிறுவனம் குறைந்தது ஒரு மீட்டர் என்றும், அமெரிக்கா ஆறடி என்றும், இந்தியா இரண்டு கஜம், அதாவது அதே ஆறடி என்றும் எல்லை வகுத்தன. மிதக்கும் நுண்துளிகளுக்கு ஆறடி என்பது மதிற்சுவர் அன்று. எனினும், ஊதுவத்திப் புகை அதன் நுனிக்கருகே அடர்ந்தும் தொலைவில் நீர்த்தும் இருப்பதைப் போல, அவற்றின் செறிவும் வாயருகே மிகுந்தும் விலக விலகக் குறைந்தும் இருக்கிறது. உரக்கப் பேசும்போது மெல்லப் பேசுவதைவிட மிகுதியான துளிகள் வெளிப்படுகின்றன என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். விலை கூவி விற்கும் சந்தையைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் தேவைப்படும்.

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதி செய்யப்பட்டது. மார்ச் 24 மாலை 6 மணிக்கு மாநிலத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. மறுநாள் முதல் நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. தடை வருகிறது என்ற செய்தி பரவியதுமே சொந்த ஊருக்குத் திரும்ப விரும்பியவர்கள் கோயம்பேடு பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கில் திரண்டனர். கூட்டத்தைத் தவிர்ப்பதற்கென வந்த ஆணையே ஊரடங்குக் காலத்தின் முதல் பெருங்கூட்டத்தை உண்டாக்கிவிட்டது. அடுத்து மளிகை, காய்கறிக் கடைகளின் நேரம் குறைக்கப்பட்டது. மார்ச் இறுதியில் காலை 6 மணி முதல் பிற்பகல் 2.30 வரை என்றிருந்த நேரம், ஏப்ரல் 5 முதல் பகல் 1 மணி வரை எனச் சுருங்கியது. கடை திறந்திருக்கும் நேரம் குறைந்தால் மக்கள் வெளியே வருவதும் குறையும் என்ற எண்ணம் இயல்பானதாகத் தோன்றும். ஆனால் அரிசியும் பருப்பும் பாலும் நேரத்தைக் குறைப்பதால் தேவைப்படாமல் போய்விடுவதில்லை. வருகிறவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மாறாமல் இருக்க, அவர்கள் வரும் நேரம் மட்டுமே நெருக்கப்படுகிறது.

இந்த நெருக்கத்தின் விளைவை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஒரு கடைத்தெருவுக்கு நாளொன்றுக்கு 560 பேர் வருகிறார்கள் என்றும், ஒவ்வொருவரும் அரைமணி நேரம் அங்கே இருக்கிறார்கள் என்றும் கொள்வோம். கடைகள் 14 மணி நேரம் திறந்திருந்தால், எந்த வேளையிலும் சராசரியாக 20 பேர் அங்கிருப்பார்கள். தொற்று ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வதாகையால் இங்கே எண்ண வேண்டியவை தலைகள் அல்ல, இணைகள். 20 பேருக்கிடையே அமையக் கூடிய இணைகள் 190. கடைநேரம் 7 மணியாகக் குறைந்தால் ஒரே வேளையில் 40 பேர் இருப்பார்கள், இணைகளோ 780 ஆகிவிடும். ஆட்கள் இரண்டு மடங்காகும்போது இணைகள் ஏறக்குறைய நான்கு மடங்காகின்றன என்பதே இக்கணக்கின் உட்கரு. நேரம் பாதியானதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு நாளில் மனிதர்கள் ஒருவருக்கருகே ஒருவர் இருக்கும் மொத்த நேரம் இரண்டு மடங்காகிவிடுகிறது. அதோடு கூட்டம் மிகும்போது வரிசை நீண்டு, அரைமணி நேர வேலைக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அப்போது ஒரே வேளையில் 80 பேரும் 3,160 இணைகளும் சேர்ந்து, மொத்த நெருக்கம் முதல் நிலையைப் போல எட்டு மடங்கைத் தாண்டுகிறது. இத்தனைக்கும் கூடுதலாக ஒருவர்கூட வரவில்லை. ஒருவரும் எந்த விதியையும் மீறவில்லை.

ஏப்ரல் 24 அன்று சென்னை, மதுரை, கோவை ஆகிய மாநகராட்சிகளுக்கு 26 முதல் 29 வரை நான்கு நாள்களும், சேலத்துக்கும் திருப்பூருக்கும் மூன்று நாள்களும் முழு ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்தது 25ஆம் தேதி, சனிக்கிழமை, ஒரே ஒரு நாள். நான்கு நாளுக்கான காய்கறியையும் மளிகையையும் அந்த ஒரு நாளிலேயே வாங்கிவிட வேண்டிய கட்டாயம் நகரத்தின் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒருங்கே நேர்ந்தது. கூட்டம் பெருகக் கண்டு கடைகளைப் பகல் 1 மணிக்குப் பதிலாக 3 மணி வரை திறந்து வைக்க அரசு இசைந்தது. அந்த இரண்டு மணி நேரம் ஓரளவே உதவியிருக்கும். மேற்கண்ட கணக்கில், குறைத்தே மதிப்பிட்டு மூன்று நாளுக்குரிய 1,680 பேர் மட்டும் ஒரே நாளில், நீட்டிப்பு இல்லாத ஏழு மணி நேரத்துக்குள் வந்து, ஆளுக்கு ஒரு மணி நேரம் நின்றால், ஒரே வேளையில் 240 பேர் இருப்பார்கள், இணைகள் 28,680 ஆகும். அவர்களே மூன்று நாள்களில் நாளொன்றுக்கு 14 மணி நேரமாகப் பரவி வந்திருந்தால் ஏற்பட்டிருக்கும் நெருக்கத்தைவிட இது ஏறக்குறைய 25 மடங்கு. அன்றைய படங்களைக் கண்டவர்கள் மக்களின் அலட்சியம் என்று சினந்தனர். அலட்சியமாக இருந்தவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருப்பார்கள். ஆனால் முகக்கவசம் அணிந்து, பட்டியல் எழுதி எடுத்துக்கொண்டு, இடைவெளிக்காகத் தரையில் வரைந்த வட்டத்துக்குள் நிற்க ஆயத்தமாக வந்தவரும் அதே கூட்டத்தின் ஒரு பகுதியாகவே ஆகியிருப்பார். வேறு நாள் அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

தரையில் வரையப்பட்ட அந்த வட்டங்களையும் கருத வேண்டும். ஆறடிக்கு ஒருவராக 100 பேர் வரிசையில் நின்றால் அவ்வரிசை ஏறக்குறைய 600 அடி நீளும். பத்துப் பன்னிரண்டு அடி முகப்புடைய மளிகைக் கடைகள் அடுத்தடுத்து அமைந்த தெருவில் ஒரு கடையின் வரிசை ஐம்பது கடைகளின் வாசலை மறித்துச் செல்லும். அந்த ஐம்பது கடைகளுக்கும் தனித்தனி வரிசைகள் உண்டு. வட்டங்கள் சுண்ணாம்பால் ஒழுங்காக வரையப்பட்டிருந்தன. அவற்றைத் தாங்கும் நீளம் தெருக்களுக்கு இல்லை.

கோயம்பேடு சந்தை இவ்வகையில் தனியாக ஆராயத் தக்கது. ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடியில் லாரிகளும் மூட்டைகளும் மனிதர்களும் மூச்சுமுட்ட நெருங்கியதால், அந்நெரிசலைத் தீர்ப்பதற்கென்றே 1996இல் கோயம்பேட்டில் மொத்தச் சந்தை திறக்கப்பட்டது. காய்கறி, பழம், பூ என மூன்று பிரிவுகளில் 3,000க்கும் மேற்பட்ட கடைகளைக் கொண்ட இச்சந்தை, கால்நூற்றாண்டில் நகரத்தோடு சேர்ந்து தானும் நிரம்பிவிட்டது. நள்ளிரவில் வெளியூர் லாரிகள் வந்து நிற்க, சுமை தூக்குவோர் மூட்டைகளை முதுகிலேற்றி ஒருவரையொருவர் உரசியபடி மண்டிக்குள் இறக்க, விடிவதற்குள் சில்லறை வியாபாரிகள் விலை பேசி வாங்கித் தள்ளுவண்டிகளுக்கும் மூலைக்கடைகளுக்கும் கொண்டுசெல்வது அங்கே அன்றாட நடைமுறை. இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய மூட்டையை ஆறடி விலகி நின்று தூக்க இயலாது. இரைச்சலுக்கு மேல் குரல் உயர்த்தாமல் விலை பேசவும் இயலாது. தொழிலாளர்களில் பலர் கடலூர், விழுப்புரம், அரியலூர், பெரம்பலூர் போன்ற மாவட்டங்களிலிருந்து வந்து, சந்தைக்குள்ளேயோ அருகில் பலர் பகிர்ந்துகொண்ட அறைகளிலோ உறங்கியவர்கள்.

ஏப்ரல் இறுதியில் சந்தையோடு தொடர்புடையவர்களிடம் தொற்று அடுத்தடுத்துக் கண்டறியப்பட்டது. ஏப்ரல் 25 அன்று 1,821 ஆக இருந்த தமிழ்நாட்டின் மொத்த எண்ணிக்கை மே 5 அன்று 4,058 ஆயிற்று. மே 4 அன்று ஒரே நாளில் பதிவான 527 பேரில் பெரும்பாலோர் கோயம்பேட்டுத் தொடர்புடையவர்கள். ஊர் திரும்பிய தொழிலாளர்களோடு தொற்றும் சென்றதால், அதுவரை அமைதியாக இருந்த மாவட்டங்களில் எண்ணிக்கை திடீரென உயர்ந்தது. மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வணிகம் சில நாள்களில் திருமழிசையின் திறந்த வெளிக்கு மாற்றப்பட்டது. இப்படி ஒரே மூலத்தோடு தொடர்புடைய நோயாளிகளின் திரட்சியை நோய்க்கொத்து என்று நோய்ப்பரவலியலார் குறிப்பர். நாளிதழ்கள் அன்று 'கோயம்பேடு கிளஸ்டர்' என்று எழுதின. இதற்கு ஏப்ரல் 25 கூட்டமே காரணம் என்று முடிவுகட்டுவது சரியாகாது. சந்தை அதற்கு முன்னரும் நாள்தோறும் நெருக்கமாகவே இயங்கி வந்தது, தொற்றும் முன்னரே உள்ளே நுழைந்திருக்கக் கூடும். பல வாரங்களாக எரிந்துகொண்டிருந்த அடுப்பில் அந்த ஒரு நாள் விறகு கூட்டியது என்று கொள்வதே பொருந்தும்.

சந்தை ஏன் இவ்வளவு தீவிரமாகப் பரப்புகிறது என்பதற்கு இன்னொரு விளக்கமும் உண்டு. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்கு நோயைத் தருகிறார் என்பதைக் குறிக்கும் பெருக்க எண், கொரோனாவுக்குத் தொடக்கத்தில் இரண்டு முதல் மூன்று வரை என மதிப்பிடப்பட்டது. ஆனால் சராசரி என்பது ஏமாற்றக் கூடியது. தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் 84,965 நோயாளிகளோடு தொடர்புகொண்ட 5,75,071 பேரின் விவரங்களை ஆராய்ந்து, 2020 செப்டம்பர் இறுதியில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு, தொடர்புகள் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகளுள் பத்தில் ஏழு பேரின் தொடர்புகளில் ஒருவருக்கும் தொற்று காணப்படவில்லை என்று காட்டியது. மிகச் சிலரே மிகப் பலருக்குப் பரப்பினர். இந்தச் சமமின்மையைச் சிதறல் என்பர். சிலருடைய உடல் கூடுதலாக வைரஸை வெளியிடுவது இதற்கு ஒரு காரணம். அவர்கள் அந்நாள்களில் எங்கே, எத்தனை பேருக்கு நடுவே, எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்பது அதே அளவு முக்கியமான மற்றொரு காரணம். அதே ஆய்வில், பயணத்தின்போது நோயாளிக்கு அருகே ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ இருந்தவர்களில் ஏறக்குறைய 79 விழுக்காட்டினருக்குத் தொற்று இருந்தது. இவ்வகையில் ஆராயப்பட்டவர்கள் சிலரே ஆயினும், இடமும் நேரமும் சேரும்போது நேர்வதை அது உணர்த்துகிறது. பத்துப் பேரில் ஏழு பேர் யாருக்கும் பரப்பாத நோயை, பரப்பும் மூவர் கூட்டத்துக்குள் இல்லாதபடி பார்த்துக்கொண்டாலே பெரிதும் அடக்கலாம். அந்த மூவர் யார் என்று முன்கூட்டித் தெரியாது என்பதால், கூட்டமே உருவாகாமல் தடுப்பது ஒன்றே எஞ்சும் வழி.

இவ்வளவு தெரிந்திருந்தும் மனிதர் ஏன் நெருங்கி நிற்கிறார் என்ற கேள்வி எழும். தீயைத் தொட்டால் அந்நொடியே சுடும், அதனால் குழந்தையும் ஒரே முறையில் கற்றுக்கொள்கிறது. கொரோனாவில் தொற்று உடலுக்குள் புகுந்தபின் அறிகுறி தோன்றச் சராசரியாக ஐந்து நாள்களும், சிலருக்கு 14 நாள்கள் வரையும் ஆகும். இதை நோயரும்பு காலம் என்பர். பரவலில் கணிசமான பங்கு அறிகுறி தோன்றுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. இருமாத, காய்ச்சலில்லாத, நன்றாகவே தோன்றும் ஒருவருக்கருகே நின்று, ஒரு வாரம் கழித்து எங்கோ யாருக்கோ வரும் நோயை, சந்தையில் நின்ற அந்தப் பத்து நிமிடங்களோடு இணைத்துப் பார்க்க மனித மூளை பழகியிருக்கவில்லை. அதோடு, தனியொருவர் ஒரு முறை சந்தைக்குச் செல்வதால் அவருக்கு நேரக் கூடிய ஆபத்து மிகச் சிறியது. இலட்சம் பேர் சேர்ந்து செல்வதால் நகரத்துக்கு நேரக் கூடிய ஆபத்தோ ஏறத்தாழ உறுதியானது. பத்து முறை நெருங்கி நின்றும் ஒன்றும் ஆகாதவர் பதினோராம் முறை அஞ்சுவதில்லை. பிறர் நெருங்கி நிற்பதைக் காண்பதும் அச்சத்தைக் குறைக்கிறது. விலகி நிற்பவரின் முன்னால் இன்னொருவர் புகுந்துகொள்ளும்போது, விதியைப் பின்பற்றுபவரே இழப்பவராகிவிடுகிறார்.

வீடுகளின் நிலையையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சென்னை மாவட்டத்தில் ஒரு சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர் வாழ்ந்தனர். சாலைகளையும் ஆறுகளையும் பூங்காக்களையும் சேர்த்துப் பகிர்ந்தாலும் தலைக்கு 38 சதுர மீட்டர்கூட வராது. வடசென்னையின் ஓரறைக் குடியிருப்புகளில் ஐந்தாறு பேர் ஒரே அறையில் உறங்கி, பொதுக் குழாயில் நீர் பிடித்து, பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தினர். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டுக்கு நான்கு நாள் காய்கறியைச் சேமிக்க வழியில்லை. அன்றாடக் கூலி பெறும் குடும்பத்தின் கையில் நான்கு நாளுக்கான பணமும் இருக்காது. விலகியிருத்தல் என்னும் ஒரே கட்டளை எல்லா வீடுகளின் கதவிலும் ஒட்டப்பட்டது. அதை நிறைவேற்றும் வசதி சில வீடுகளுக்குள் மட்டுமே இருந்தது. 2020 ஜூலையில் சென்னையில் நடத்தப்பட்ட குருதி ஆய்வில், சோதிக்கப்பட்ட 12,405 பேரில் 21.5 விழுக்காட்டினரிடம் நோயெதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. அதாவது ஐந்தில் ஒருவரை நோய் அதற்குள் தொட்டுச் சென்றிருந்தது.

கூட்டத்தைக் கலைப்பதைவிடக் கூட்டம் சேராதபடி செய்வது எளிது என்பதற்கும் அதே மாநிலத்தில் சான்றுகள் கிடைத்தன. ஏப்ரல் தொடக்கத்தில் குடும்ப அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும் விலையில்லாப் பொருள்களும் வழங்கப்பட்டபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் முன்னதாகக் கொடுக்கப்பட்டன. மே 7 அன்று சென்னை நீங்கலான பகுதிகளில் டாஸ்மாக் மதுக்கடைகள் திறக்கப்பட்டபோது, வயதுக்கேற்ப நேரம் பகுக்கப்பட்டிருந்தும் 43 நாள் அடைப்புக்குப் பின் வந்த கூட்டம் அந்தப் பகுப்பை மீறியது. இடைவெளி கடைப்பிடிக்கப்படவில்லை என்று மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் கடைகளை மூட ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தபின் மே 16 அன்று மீண்டும் திறந்தபோது, கடைக்கு நாளொன்றுக்கு 500 டோக்கன் என்ற வரம்பும், ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நிறமும் வகுக்கப்பட்டன. பத்து நாள் இடைவெளியில் மக்களின் குணம் மாறிவிடவில்லை. அவர்கள் வருவதற்கான ஏற்பாடே மாறியது. மதுவுக்குக் கிடைத்த இந்தக் கவனம் காய்கறிக்கு முன்னரே கிடைத்திருக்க வேண்டும்.

ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் அண்டை மாவட்டங்களின் பல பகுதிகளிலும் மீண்டும் முழு ஊரடங்கு வந்தபோது, அறிவிப்புக்கும் தொடக்கத்துக்கும் இடையே மூன்று முழு நாள்கள் விடப்பட்டன. மளிகைக் கடைகளும் பகல் 2 மணி வரை திறந்திருக்க இசைவு பெற்றன. கோயம்பேடு காய்கறிச் சந்தையின் மொத்தக் கடைகள் செப்டம்பர் 28 அன்று கட்டுப்பாடுகளோடு திறக்கப்பட்டன. இரண்டாம் அலையில், 2021 மே 22 அன்று தளர்வற்ற ஊரடங்கு அறிவிக்கப்பட்டு 24இல் தொடங்கியபோது, அறிவித்த அன்றும் மறுநாளும் இரவு 9 மணி வரை கடைகள் திறந்திருந்தன. ஊரடங்கு நாள்களில் காய்கறிகளும் பழங்களும் வண்டிகளில் தெருத்தெருவாகக் கொண்டுசெல்லப்பட்டன. அந்த இரண்டு நாள்களிலும் கடைத்தெருக்களில் கூட்டம் நெரிந்தது; வண்டிகள் வாசலுக்கு வந்த பிறகான நாள்களில் காய்கறிக்காக எவரும் சந்தைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.